கயிறு கட்டி கார் இழுப்பவர்களே, உஷார்! குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிளுக்குக் கயிறு தெரியாது!

சென்னை,

ராத்திரி நேரம். இரண்டு கார்கள் முன்னும் பின்னுமாக மெதுவாகப் போகின்றன. நடுவே பதினைந்து அடி இடம். மோட்டார் சைக்கிளில் வருபவர் என்ன நினைப்பார்? “சந்து கிடைச்சுது, பூந்துடலாம்” என்றுதான் நினைப்பார். ஹேண்டில் பாரைத் திருப்புகிறார்.

ஆனால் அந்த இடம் காலி இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு விறைப்பாக நிற்கிறது. இருட்டோடு இருட்டாக!

ரிப்பேர் ஆன காரைக் கட்டி இழுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். கயிறு அறுந்தால் கார்க்காரருக்குப் போவது பம்பர். கயிறு தெரியாவிட்டால் போவது, சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளின் உயிர்!

மழை வந்தால்...

மழைக்காலம் வந்தால் சென்னையில் இந்தக் காட்சி அதிகம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்ததை நகரமே பார்த்தது. 2024 அக்டோபரிலும் அதே கதை. மேட்டில் ஏற்ற முடியாதவர்களின் கார்கள் தண்ணீரில் நின்றன.

தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்து போகும். செலவு பல மடங்கு ஏறும். ஆகவே இழுத்துத்தான் போக வேண்டும். கேள்வி, எப்படி இழுப்பது என்பதே.

“அண்ணே, ஒரு கயிறு இருக்குமா?” என்று பக்கத்துக் கடையில் கேட்பார்கள். துணி காயப் போடும் கொடி வரும். அல்லது கட்டடம் கட்டும் இடத்திலிருந்து தேங்காய் நார்க் கயிறு வரும். பம்பரில் ஒரு முடிச்சு. “போலாம் ரைட்!” அவ்வளவுதான்.

சட்டம் சொல்வது என்ன?

இதற்கும் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 1989-ல் வந்த மத்திய அரசின் சாலை விதிகளில் கணக்காக எழுதி வைத்தார்கள்.

ஓடாத வண்டி, அல்லது இன்னும் முழுசாகப் பூட்டி முடிக்காத வண்டி, இவற்றைத்தான் இழுக்கலாம். அதுவும் டெலிவரிக்கு, அல்லது பக்கத்தில் உள்ள ஷெட்டு வரைக்கும்.

இழுக்கப்படும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்சு உள்ள ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன் சக்கரங்களைக் கிரேனில் தூக்கிவிட வேண்டும்.

இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் கூடாது. அதாவது பதினாறு அடி.

கயிறோ சங்கிலியோ, மற்றவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின் வண்டியின் முதுகில் ‘ஆன் டோ’ என்று வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, 75 மில்லி மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று அங்குலம்!

வேகம் மணிக்கு 24 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

இந்த விதிகளுக்குப் பதிலாக 2017-ல் புதிய ஓட்டுநர் விதிகள் வந்தன. அதிலும் இழுவைக்குத் தனி விதி உண்டு. இந்த விதிகளை மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது.

ஏன் இந்த வேகம்?

“இருபத்து நாலா? மாட்டு வண்டியா ஓட்டுறோம்?” என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. கயிறு 5 மீட்டர். முன் வண்டி சடக்கென்று நின்றால், பின்னால் இருப்பவருக்குக் கிடைப்பது அரை வினாடி கூட இல்லை!

பிரேக் கல்லாகும்!

பின் காரில் உட்காருபவர் வேலைதான் கஷ்டம். சும்மா உட்கார்ந்து வரும் சவாரி அல்ல அது.

முதலில், சாவி ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். முன் வண்டி திரும்பும், நம் வண்டி திரும்பாது.

என்ஜின் ஓடாததால் பவர் ஸ்டியரிங் வேலை செய்யாது. மூச்சைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பிரேக்கும் அப்படியே. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஆனாலும் ஓங்கி மிதித்தால் பிடிக்கும். இது தெரியாதவர் “பிரேக் போச்சு!” என்று பதறி முன் காரில் போய் மோதுகிறார்.

கயிறு தொய்யாமல் இருக்க, பின் வண்டிக்காரர் லேசாக பிரேக்கைத் தொட்டபடியே வர வேண்டும். தொய்ந்த கயிறு தரையில் உரசும், சக்கரத்தில் சிக்கும், வெடுக்கென்று இழுத்து அறுந்தும் போகும். அறுந்த கயிறு சாட்டை மாதிரி வீசும். வண்டி கிளம்பும்போது கயிறு பக்கத்தில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள்.

கொக்கி டிக்கியில்!

பம்பரிலும் ஸ்டியரிங் ராடிலும் முடிச்சுப் போடக்கூடாது. கம்பெனிக்காரன் இதற்கென்றே ஒரு கொக்கி கொடுத்திருக்கிறான். பல கார்களில் அது ஜாக்கி, ஸ்பானரோடு டிக்கியில் கிடக்கும். பம்பரில் சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி, கொக்கியைத் திருகி மாட்ட வேண்டும்.

எல்லா வண்டியும் கயிற்றுக்கு ஆகாது. பிரேக் பிடிக்காத காரைக் கயிறு கட்டி இழுப்பது தற்கொலைக்குச் சமம். ஆட்டோமேட்டிக் கியர் கார், நாலு சக்கரமும் இழுக்கும் கார், பேட்டரி கார் இவற்றைச் சக்கரம் உருள இழுத்தால் கியர் பெட்டியோ மோட்டாரோ கெட்டுப் போகலாம். பிளாட்பெட் ரெக்கவரி வண்டியில் ஏற்றுவதே நல்லது.

விட்டுவிட்டுப் போகலாமா?

“காலையில பாத்துக்கலாம்” என்று ரோட்டிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு. பொது இடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தால், அந்த வண்டியை அப்புறப்படுத்த யூனிபாரத்தில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே அப்புறப்படுத்தலாம். மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவு.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்குப் போன் பண்ணலாம். இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். விபத்தில் சேதமான காரை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போக ரூ.1,500 வரை தருவதாக, தனியார் கார் பாலிசிகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்.

அதற்கெல்லாம் வழியில்லை, கயிறுதான் கதி என்றால், கயிற்றின் நடுவே ஒரு முழம் சிவப்புத் துணி கட்டுங்கள். ராத்திரியானால் வெள்ளைத் துண்டு. பேட்டரி இருந்தால் பின் காரின் நாலு இண்டிகேட்டரும் மின்னட்டும். ஒரு அட்டையில் பெரிசாக எழுதிப் பின் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

துணிக்கு ஆகிற செலவு ஒரு டீ காசு. அந்தத் துணி இல்லாததால் விழப்போவது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற யாரோ ஒருவர்!