பீட்டா கேமில் முதல் ஒரு மணி நேரம்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

சென்ற கோடை விடுமுறையில் திருவண்ணாமலைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூவுக்குப் போகவிருக்கும் அக்கா மகன் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மந்திரவாதிகள், வாள் வீரர்கள், டிராகன்கள் என்று போகும் ஓர் ஆன்லைன் ரோல் பிளேயிங் கேமின் பீட்டா பதிப்பு அன்றுதான் திறந்திருந்தது.

"மூணு வாரமா காத்துக்கிட்டிருந்தேன் மாமா. வேஸ்ட் கேம். ஒரே லேக்" என்றான். விளையாடியது மொத்தம் 40 நிமிடம். அந்தக் கேம் கம்பெனிக்கு அவன் அனுப்பிய கருத்தும் ஒரே வரிதான்: மோசமான கேம், லேக் அடிக்கிறது.

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். டெஸ்டர்கள் அனுப்பும் பிழைக் குறிப்புகளைப் படிப்பதில்தான் என் காலைப்பொழுது போகும். "ஸ்லோவாக இருக்கிறது" என்று ஒரு குறிப்பு வந்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எங்கே, எப்போது, எந்தக் கம்ப்யூட்டரில் என்று தெரிந்தால்தான் கையை வைக்கவே முடியும். எனவே அவனருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று மாலை நாங்கள் கண்டுபிடித்தது உங்கள் வீட்டிலும் உதவும் என்பதால் இந்தக் கட்டுரை.

பீட்டா என்றால் என்ன?

ஒரு சாஃப்ட்வேரை அதை எழுதியவர்களே உள்ளுக்குள் சோதிப்பது ஆல்ஃபா. வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பது பீட்டா. அழைப்பு பெற்றவர்கள் மட்டும் நுழைவது மூடிய பீட்டா. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் திறந்த பீட்டா.

தனியாக விளையாடும் கேமை நூறு பேரை வைத்துச் சோதித்துவிடலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் நடமாடும் ஆன்லைன் கேமை அப்படிச் சோதிக்க முடியாது. எங்கள் ஊர் கிரிவலப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14 கிலோமீட்டர். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் நடந்து பார்த்துவிட்டு, கார்த்திகை தீபத்தன்று அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர்க் குழாய் போதுமா, எந்த முனையில் நெரிசல் ஏற்படும், செல்போன் டவர் தாங்குமா என்பதெல்லாம் லட்சக்கணக்கானவர்கள் வந்தால்தான் தெரியும். கேம் கம்பெனிகள் திறந்த பீட்டா நடத்துவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். சர்வர் முட்டுகிறதா என்று பார்ப்பதற்காகவே கூட்டத்தைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே பீட்டாவில் சர்வர் விழுந்தால் கேம் மோசம் என்று பொருளல்ல. சோதனை வேலை செய்கிறது என்று பொருள்.

லேக் ஒன்றல்ல, மூன்று

"லேக்" என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு நோய்களைச் சொல்கிறோம். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது.

1. உங்கள் கேரக்டரை ஒரே இடத்தில் நிற்க வைத்து, மவுஸால் கேமராவை மட்டும் சுற்றுங்கள். காட்சி திக்கித் திக்கி நகர்ந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில். கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. செட்டிங்ஸில் நிழல், புல், தூரக் காட்சி ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

2. கேமரா வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஆனால் எதிரிகள் ஓரிடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் தோன்றுகிறார்கள், வெட்டிய அடி தாமதமாக விழுகிறது என்றால் கோளாறு வழியில். அதாவது இண்டர்நெட் இணைப்பிலோ, சர்வர் இருக்கும் தூரத்திலோ.

3. அதுவரை ஒழுங்காக ஓடிய கேம் திடீரென்று உறைகிறது, அதே நொடியில் சாட் விண்டோவில் எல்லோரும் புலம்புகிறார்கள் என்றால் கோளாறு சர்வரில். நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனைக் கேமராவைச் சுற்றச் சொன்னேன். வெண்ணெய் போல் சுற்றியது. கிராபிக்ஸ் கார்டு மேல் குற்றமில்லை. எதிரிகள்தான் தாவித் தாவிக் குதித்தார்கள். கேமின் மூலையில் காட்டிய பிங் அளவு 190 மில்லி செகண்டு.

தூரம் செய்யும் வேலை

பிங் என்பது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. எந்தக் கம்பெனி நினைத்தாலும் சாதாரண ஃபைபர் கேபிளில் இதைத் தாண்ட முடியாது.

2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கடலடி கேபிள் போடப்பட்டது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 32 மில்லி செகண்டு. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குள்ள ஏறத்தாழ 190 கிலோமீட்டரையும் சேர்த்தால் இன்னும் 2 மில்லி செகண்டு. நடுவிலுள்ள ரூட்டர்கள் எடுக்கும் நேரத்தையும் கூட்டினால் 50, 60 வரலாம். விளையாடத் தாராளமாகப் போதும்.

அதே சர்வர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால்? சென்னையிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 7,600 கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. ஆகவே 150-க்கு மேல் காட்டினால் ஆச்சரியமில்லை.

190 என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. செட்டிங்ஸில் தேடினோம். மூன்றாவது பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் 'ரீஜன்' என்று இருந்தது. அதில் ஐரோப்பா என்று தானாகவே தேர்வாகியிருந்தது! சிங்கப்பூருக்கு மாற்றிக் கேமை மூடித் திறந்தோம். பிங் 75. ரூட்டர் கீழே ஹாலில், கம்ப்யூட்டர் மாடியில். வைஃபைக்குப் பதிலாக ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து மாட்டினோம். 58. எதிரிகள் குதிப்பதை நிறுத்திவிட்டு ஒழுங்காக நடந்து வந்தார்கள்.

40 நிமிடம் விளையாடிவிட்டு அவன் வெறுத்தது அந்தக் கேமை அல்ல, ஜெர்மனிக்குப் போய்வரும் தூரத்தை.

2004-ல் நடந்தது

இந்தியாவுக்கு இது புதிதல்ல. நார்ஸ் புராணத்தை அடிப்படையாகக் கொண்ட ராக்னராக் ஆன்லைன் என்ற கேமைக் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. 2004-ல் லெவல் அப் நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் பிராட்பேண்டு தொடங்கியது 2005 ஜனவரியில். அதாவது கேம் முதலில் வந்தது, அதற்கேற்ற வயர் பின்னால் வந்தது. வீட்டில் டயல்-அப் மோடம், இல்லாவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து பிரவுசிங் சென்டர். அந்த வயரில் உட்கார்ந்து முதல் நாள் பார்த்தவருக்குக் கேம் எப்படித் தெரிந்திருக்கும்? இந்தியச் சர்வர் பின்னர் மூடப்பட்டுவிட்டது.

அந்தக் கேம் இன்னொரு பாடமும் சொல்கிறது. அதில் எல்லோரும் 'நாவிஸ்' என்ற கற்றுக்குட்டியாகத்தான் தொடங்க வேண்டும். கையில் ஒரு சின்னக் கத்தி. எதிரில் போரிங் என்ற, துள்ளும் இளஞ்சிவப்பு உருண்டை. அதைக் குத்துவது, உடம்பு சோர்ந்தால் தரையில் உட்கார்வது, மறுபடி குத்துவது. வேலை நிலை 10-ஐத் தொட்ட பிறகுதான் வாள் வீரர், மந்திரவாதி, வில்லாளர், திருடர், வணிகர், துறவி என்ற ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். வணிகராகித் தெருவில் கடை விரிப்பதும், குழு சேர்ந்து கோட்டையைப் பிடிப்பதும் அதற்கும் பின்னால். அந்தக் கேமை விரும்பியவர்கள் இவற்றுக்காகத்தான் விரும்பினார்கள். முதல் மணி நேரத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஆக, முதல் மணி நேரத்தில் நம்பக்கூடியவை: பிங், காட்சியின் ஓட்டம், கீபோர்டும் மவுஸும் கைக்குப் படிகிறதா, எழுத்துகள் படிக்க முடிகிறதா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறதா. நம்பக் கூடாதவை: கதை நன்றாக இருக்குமா, விலைவாசி சமநிலை, உயர்நிலைச் சண்டைகள், ஆறு மாதம் கழித்தும் அங்கே ஆள் இருப்பார்களா என்பவை.

கேட்ட காதும் கேளாத காதும்

பீட்டா விளையாடுகிறவர்களின் பேச்சுக்கு மதிப்பு உண்டா? மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

2004 நவம்பரில் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் பீட்டாவில், நீண்ட நேரம் விளையாடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீரர்கள் இதைத் தண்டனை என்று எதிர்த்தார்கள். பிளிசார்டு நிறுவனம் கணக்கைத் திருப்பிப் போட்டது. ஓய்வெடுத்து வந்தால் இரட்டிப்புப் புள்ளி, ஓய்வு தீர்ந்தால் வழக்கமான புள்ளி. எண்கள் கிட்டத்தட்ட அதேதான். தண்டனை பரிசாக மாறியதும் எதிர்ப்பு அடங்கியது.

2010 செப்டம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14-ன் திறந்த பீட்டா. மெனுக்கள் சுற்றி வளைக்கின்றன, எதைச் செய்தாலும் தாமதம், கம்ப்யூட்டர் திணறுகிறது என்று வீரர்கள் சொன்னார்கள். அதே மாதம் 30-ம் தேதி கேமை வெளியிட்டேவிட்டார்கள். வாங்கியவர்கள் கொதித்தார்கள். டிசம்பரில் பொறுப்பாளர்கள் மாற்றப்பட்டு, நவோகி யோஷிடா தலைமை ஏற்றார். ஒரு பூந்தொட்டியை வரைவதற்கு ஒரு மனிதக் கேரக்டரை வரையும் அளவு கணக்குகள் செலவாகிக்கொண்டிருந்தன என்று அவரே பின்னர் விளக்கினார். 2012 நவம்பரில் பழைய உலகத்தையே மூடி, புதிதாக எழுதி 2013 ஆகஸ்ட் 27 அன்று மீண்டும் வெளியிட்டார்கள். அது வெற்றி பெற்றது. ஆனால் பீட்டாவில் கேட்டிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும் பாடத்துக்கு ஏறத்தாழ மூன்று வருடம் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு பீட்டாவில், விலையுயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கிராபிக்ஸ் கார்டுகள் சில செத்துப்போயின. மெனு திரையில் காட்சி வேகத்துக்குக் கட்டுப்பாடு இல்லாமல் கார்டு தலைதெறிக்க ஓடியதை வீரர்கள் கவனித்துச் சொன்னார்கள். அமேசான் உடனே வேகத்துக்கு வரம்பு வைத்தது. அந்தக் கார்டுகளின் சால்டரிங்கில் குறை இருந்ததாகத் தயாரிப்பாளரும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

எப்படி எழுத வேண்டும்?

அக்கா மகனின் ஒரு வரிக் கருத்தை இப்படி மாற்றி எழுதினோம்:

"தமிழ்நாட்டிலிருந்து விளையாடுகிறேன். முதல் முறை திறந்தபோது ரீஜன் தானாகவே ஐரோப்பா என்று தேர்வாகியிருந்தது. பிங் 190. எதிரிகள் தாவித் தோன்றினார்கள். சிங்கப்பூருக்கு மாற்றியதும் 75 ஆனது, சிக்கல் தீர்ந்தது. ரீஜன் தேர்வு செட்டிங்ஸின் மூன்றாம் பக்கத்தில் இருப்பதால் புதியவர்கள் கண்ணில் படாது. முதல் திரையிலேயே கேட்டால் நல்லது."

இடம், செய்தது, நடந்தது, எதிர்பார்த்தது என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கம்ப்யூட்டரின் விவரத்தையும் நேரத்தையும் சேர்த்துவிட்டால் முழுமை. எளிய ஆங்கிலத்தில் இருந்தால் போதும், இலக்கணம் பார்த்து யாரும் மார்க் போடப் போவதில்லை. அவனைப் போல எத்தனை பேர் அன்று "லேக்" என்று மட்டும் எழுதிவிட்டு கேமை அழித்திருப்பார்கள்! கம்பெனிக்காரர் அதைப் படித்தால் இந்தியாவில் நெட் மோசம் என்றுதான் நினைத்துக்கொள்வார். தவறு தன் செட்டிங்ஸில் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

கவனிக்க வேண்டியவை

பீட்டாவில் சேர்த்த லெவல், ஆயுதம் எல்லாம் வெளியீட்டின்போது அழிக்கப்படலாம். ஆகவே அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பீட்டா கீ விற்பதாக வரும் மெயில்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கம்பெனியின் சொந்தத் தளத்திலோ ஸ்டீம் போன்ற கடையிலோ மட்டும் பதிவு செய்யுங்கள். உங்கள் இமெயிலின் பாஸ்வேர்டையே கேமுக்கும் கொடுக்காதீர்கள். 50 ஜி.பி.க்கு மேல் டவுன்லோடு என்பது இப்போது சாதாரணம். நாளுக்கு 2 ஜி.பி. தரும் மொபைல் டேட்டாவில் இது நடக்காது. நியூ வேர்ல்டு பாடத்தை நினைவில் வைத்து, செட்டிங்ஸில் ஃபிரேம் வேகத்தை 60 என்று வரம்பிட்டுத் தொடங்குங்கள். மூடிய பீட்டா என்றால், படங்களை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கலாம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பட்டனைத் தட்டுமுன் அதைப் படியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கட்ட பீட்டா திறந்தபோது அக்கா மகன் போன் செய்தான். "மாமா, இப்ப முதல் ஸ்கிரீன்லயே ரீஜன் கேக்குது. பக்கத்துலயே பிங்கும் காட்டுது!" அவன் எழுதியதால்தானா, அதையே எழுதிய நூறு பேரில் அவனும் ஒருவனா என்று தெரியாது. அதுபற்றி அவனுக்கும் கவலையில்லை. புதிதாகக் கண்டுபிடித்த மூன்று பிழைகளை எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் போன் செய்திருந்தான்.