உடற்கொழுப்பை நீரால் அறிதல்

தீப்பெட்டி ஆலைகளும் நூற்பாலைகளும் நிறைந்த கோவில்பட்டியிலும், அதையடுத்த இடைசெவல் முதலிய கரிசல் ஊர்களிலும் உழைக்கும் வயதினரின் உடற்பருமனைக் கண்டறிய எடைமேடை மட்டும் போதாது. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய குறிப்பு இதைத் தெளிவாக்கியது. உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தும், யுட்கினிடம் 9.1 விழுக்காடாக இருந்த கொழுப்பு யாஜ்னிக்கிடம் 21.2 விழுக்காடாக இருந்தது.

இவ்வாறு மறைந்திருக்கும் கொழுப்பை முகாம்களில் மதிப்பிட உதவும் மின்தடைக் கருவி, வெறுங்காலுடன் நிற்பவரின் உடலுக்குள் உணர முடியாத அளவு மெல்லிய மாறுமின்னோட்டத்தை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில், செலுத்துகிறது. வியப்பு என்னவெனில், அது கொழுப்பை அளப்பதே இல்லை. மின்சாரத்தைக் கடத்தும் நீரின் அளவைத் தடையிலிருந்து கணித்து, நீர் செறிந்த தசை முதலியவற்றை மொத்த எடையிலிருந்து கழித்து, எஞ்சியதைக் கொழுப்பென்று அறிவிக்கிறது. கோடையில் பம்புசெட்டின் எர்த் குழி காய்ந்தால் மின்தடை கூடுவதுபோல, உடலில் நீர் வற்றினாலும் தடை கூடுவதால், இல்லாத கொழுப்பும் கணக்கில் ஏறிவிடும். மாறாக, உழைத்த சூட்டோடு ஏறி நின்றால் அளவு குறைந்தும் காட்டலாம். ஆகவே, முந்தைய நாள் போதிய நீர் பருகியவரைக் காலையில், வேலை தொடங்குமுன், வெறும் வயிற்றில் அளப்பதே முறை. இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இக்கருவி கூடாது.

மற்றொரு குறையும் உண்டு. உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கும் நடுவுடல், மொத்த மின்தடையில் பத்திலொரு பங்கே தருவதால், நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிவகுக்கும் வயிற்றுக் கொழுப்பே இக்கருவிக்கு மிக மங்கலாகத் தெரிகிறது. அதனைக் காட்டிக்கொடுப்பது எளிய அளவு நாடாவே: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது எச்சரிக்கை.

முப்பது வயதைக் கடந்தோருக்கான தேசியப் பரிசோதனைப் படிவத்தில் இந்த இடுப்பளவு ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சுமப்போர், உடல் நிறைக் குறியீட்டை வைத்தே எடுத்த இக்கணக்கில் சேரவில்லை. எனவே, ஆளைப் பார்த்துக் கண்மதிப்பில் படிவத்தை நிரப்புவது நோயை வளரவிடுவதாகும். விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திராமல், ஒவ்வொருவரையும் நாடாவால் அளந்து, அளவின் பொருளை அவருக்கே விளக்குவதுதான் பரிசோதனையின் முதற்கடமை.