நாய்க்குக் கூலி எது?

வேலால் எறிந்தவனிடத்தும் அன்பு மாறாத பிராணி என்று நாலடியார் நாயின் நட்பைச் சிறப்பித்துப் பேசுகிறது. பள்ளியில் அதைப் படித்த நாள்தொட்டு, நாய்க்குத் தனியே கூலி எதற்கு, ஒருவேளைச் சோறும் ஓர் அதட்டலும் போதுமே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். வால் குழைப்பது வேறு, சொன்னதைக் கற்றுக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை உணர நான் ஒரு நாயைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

ஒலவக்கோட்டில் நாங்கள் குடியிருக்கும் இரயில்வே வீட்டின் பின்வேலிக்கு அப்பால் தண்டவாளம் செல்கிறது. அங்கே நாங்கள் வளர்த்த மணி சாதாரண நாட்டு நாய். வேலியின் இடுக்கில் நுழைந்து ஓடிவிடுவது அதன் வழக்கம். நான் "வா, வா" என்று கூவுவேன். கால்மணி நேரம் சுற்றித் திரிந்துவிட்டு அது என் காலடிக்கு வந்து நிற்கும். வந்ததும் பிரம்பால் இரண்டு வைப்பேன். ஓடிப்போன குற்றத்திற்குத் தண்டனை என்பது என் கணக்கு. மணியின் கணக்கோ வேறு. ஓடியபோது அதற்குக் கிடைத்தது ஊர் சுற்றிய இன்பம். அழைத்த குரலுக்கு வந்தபோது கிடைத்தது அடி. ஒரு மாலை அது தண்டவாளத்தின் நடுவே நின்றுகொண்டிருக்கையில் சரக்கு வண்டி வரும் ஓசை கேட்டது. தொண்டை கிழிய அழைத்தேன். அது என்னைப் பார்த்தது, வாலைக் காலிடுக்கில் செருகியது, வரவில்லை. வண்டி போன பிறகு என் மனைவி பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்தினாள்.

அதன் பின்னரே இதைப் பற்றிப் படிக்கவும், நாய் பழக்குவோரிடம் கேட்கவும் தொடங்கினேன். 1898ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் என்பவர் பூனைகளைக் கூண்டில் அடைத்து ஆராய்ந்த முடிவை வெளியிட்டார். கூண்டுக்கு வெளியே உணவு இருக்கும். தாழைத் தற்செயலாக நீக்கி வெளிவந்த பூனை, மறுமுறை அதே செயலை விரைவிற் செய்தது. எச்செயலின் பின்னே இன்பம் வருகிறதோ அச்செயல் வலுக்கும் என்றார் அவர். இதில் 'பின்னே' என்பதுதான் உயிர்நிலை. பின்னே என்றால் மறுகணமே என்று பொருள். நாய் உட்கார்ந்ததும் நாம் அடுக்களைக்குச் சென்று பிஸ்கோத்து எடுத்து வருகிறோம் என்று வையுங்கள். அதற்குள் அது எழுந்து, குரைத்து, நம் வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கும். அப்போது கொடுக்கும் பிஸ்கோத்து, வேட்டியை இழுத்ததற்கான கூலி ஆகிறது! ஆகவே கூலி முன்னதாகவே நம் மடியில் இருத்தல் வேண்டும். ஆனால் அதை நாயின் கண்ணில் காட்டிக்கொண்டே அழைத்தலாகாது. வேலைக்கு முன் காட்டுவது கையூட்டு. முடிந்த பின் கொடுப்பதே கூலி. அலுவலகத்தில் இருப்பவனுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டா.

சரி, எதைக் கொடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறோம். நமக்கு எது உயர்வோ அதுவே நாய்க்கும் உயர்வு என்று கருதிவிடுகிறோம். மணி போன மறு ஆண்டு, கம்பத்திலிருந்து என் மைத்துனர் ஒரு கோம்பைக் கலப்புக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கோம்பை என்பது இடுக்கி மலையின் கிழக்கடிவாரத்தில், தேனி மாவட்டத்திலுள்ள ஊர். அவ்வூர்ப் பெயரே அந்த நாயினத்திற்கும் பெயர். விலையுயர்ந்த டப்பா பிஸ்கோத்து வாங்கி வைத்தேன். குட்டி அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஒரு நாள் அவித்த முட்டை, வேகவைத்த கோழி ஈரல், உப்பு நீங்க ஊறவைத்த நெத்திலி ஆகிய மூன்றையும் தனித்தனித் தட்டில் வைத்து, அது முதலில் எதை நோக்கி ஓடுகிறதென்று பார்த்தேன். இரண்டு மூன்று நாள் தட்டுகளின் இடத்தை மாற்றி மாற்றி வைத்தும் ஈரலே முதலிடம் பெற்றது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் மூன்று நாணயங்கள். வீட்டுக்குள் உட்காரச் சொன்னால் கொஞ்சம் சோற்றுருண்டை, முற்றத்தில் முட்டை, வேலிக்கு வெளியே, பிற நாயும் கோழியும் மனத்தை இழுக்கும் இடத்தில், "வா" என்ற குரலுக்கு ஓடி வந்தால் ஈரல். கடினமான வேலைக்கு மலிவான கூலி கொடுத்து ஏமாற்ற முடியாது.

அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கடலைப்பருப்பளவு போதும். அதையும் அன்றைய உணவிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் நாய் கற்பதற்கு முன் கொழுக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு, சாக்லேட்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை இவற்றை அறவே விலக்க வேண்டும். இவை நாயின் உடலுக்கு நஞ்சு.

உணவைக் கண்டு மயங்காத நாய்களும் உண்டு. சில நாய்களுக்குப் பந்து. சிலவற்றுக்குக் கடித்திழுக்க ஒரு பழந்துணி முடிச்சு. வேறு சிலவற்றுக்குக் கதவைத் திறந்து வெளியே விடுவதே பெரும்பரிசு. "நல்ல பிள்ளை" என்ற புகழ்ச்சி போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பெயர்பாக்கர், வின் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். தடவிக் கொடுப்பவரிடம் நாய்கள் நெடுநேரம் நின்றன. வாயால் மட்டும் புகழ்ந்தவரை அவை ஏறக்குறையப் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் புகழ்ச் சொல்லை உணவோடு பலமுறை சேர்த்துச் சொன்னால் அதற்கும் மதிப்பு ஏறும். கையெழுத்திட்ட காசோலை பணமாவது போல. தடவுவதிலும் ஒரு முறை உண்டு. உச்சந்தலையில் ஓங்கித் தட்டினால் பல நாய்கள் ஒதுங்கும். மார்பிலும் கழுத்தின் பக்கத்திலும் தடவினால் சாய்ந்து கொடுக்கும். கையை எடுத்த பின் அது நெருங்கி வருகிறதா, விலகுகிறதா என்று பாருங்கள். விடையை நாயே சொல்லிவிடும்.

பாடம் படிந்த பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை; இடையிடையே எதிர்பாராமல் கொடுத்தால் ஊக்கம் தளராது. ஆனால் "வா" என்பதற்கு மட்டும் நான் இன்றளவும் கூலியை நிறுத்தியதில்லை. காரணம் சொல்ல வேண்டா.

அடித்தால் விரைவில் படியுமே என்பார் உண்டு. போர்ச்சுகல் நாட்டுப் போர்த்தோ நகரப் பகுதியில் பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அறையின் ஒரு பக்கத்துக் கிண்ணத்தில் இறைச்சி இருக்கும், மறுபக்கத்துக் கிண்ணம் வெறுமையாக இருக்கும் என்று நாய்களுக்குப் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை இடையே வைத்தார்கள். பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்கள் நம்பிக்கையோடு விரைந்தன. அதட்டியும் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்தும் பழக்கிய நாய்கள் தயங்கித் தயங்கிச் சென்றன. அவற்றின் உமிழ்நீரிலும் மன அழுத்தத்தின் அறிகுறி மிகுந்திருந்தது. அந்தத் தயக்கத்தை நான் தண்டவாளத்தின் நடுவே கண்டிருக்கிறேன்.

கூலியை அறிந்து கொடுப்பதன் அருமையை நம் இடுக்கி அன்பர்கள் வேறு விதமாகக் கண்டவர்கள். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோருட் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்தினர். தேடும் பணியில் கேரளப் போலீஸ் நாய்களும் ஈடுபட்டன. அப்படையின் மாயா, மர்பி என்னும் இரு நாய்கள் 2024இல் வயநாட்டுச் சரிவின்போதும் சென்றன. மண்ணடியில் உள்ளதை மோப்பத்தால் காட்டும் நாய், துயரத்தை அறிந்து தேடுவதில்லை. காட்டிக் கொடுத்தால் தனக்குப் பிரியமான பந்தோ, இழுத்து விளையாடும் துணியோ கிடைக்கும் என்ற விளையாட்டாகவே அதற்கு அவ்வேலை பழக்கப்படுகிறது. அந்த விளையாட்டு வறண்டுவிடலாகாது. 2001இல் நியூயார்க்கில் கோபுரங்கள் இடிந்தபோது, உயிரோடிருப்போரைத் தேடப் பழகிய நாய்கள் பல ஒருவரையும் காணாமல் சோர்ந்தன. அவற்றை நடத்தியோர், ஓர் ஆளை வேண்டுமென்றே ஒளியச் செய்து, நாயைக் கண்டுபிடிக்கவிட்டுப் பாராட்டி, அதன் ஊக்கத்தை மீட்டனர்.

இந்தக் கணக்கிலெல்லாம் அடங்காத ஒன்றும் பெட்டிமுடியில் நிகழ்ந்தது. குவி என்ற வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுச் சிறுமியை அழைப்பாரின்றித் தேடித் திரிந்தது. எட்டாம் நாள் ஆற்றோரம் அது நின்ற இடத்தில் குழந்தையின் உடல் கிடைத்தது. அதன் பின் அது உண்ணாமல் வாடியது என்று செய்தித்தாள்கள் எழுதின. இடுக்கிப் போலீஸ் நாய்ப்படையார் அதைக் கொண்டுபோய்ப் பேணினர். பிற்பாடு அக்குடும்பத்து உறவினரிடமே திருப்பிக் கொடுத்தனர். அதற்கு யார் என்ன கூலி கொடுத்திருந்தார்கள்? அந்தக் குழந்தை சிந்திய சோற்றுப் பருக்கையாயிருக்கலாம். கழுத்தைக் கட்டிக்கொண்ட கையாயிருக்கலாம். நான் அதைக் கணக்கெழுத மாட்டேன்.

நம்மவர் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாட்டி நாயை "உட்கார்" என்பார். நான் "இரு" என்பேன். மலையாளப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் "இரி" என்பார்கள். கோம்பை மூவரையும் மாறி மாறிப் பார்க்கும். எவர் கையில் ஈரல் இருக்கிறதோ அவர் சொல்லுக்கு உட்காரும். கடைசியில் பிள்ளைகள் கட்சியே வென்றது; பாட்டியும் இப்போது "இரி" என்கிறார். "வா" என்பதில் மட்டும் எங்களுக்குச் சண்டை இல்லை. அது இரு மொழிக்கும் பொது. பிள்ளைகள் கையால் ஊட்டும்போது பெரியவர் ஒருவர் அருகிருக்க வேண்டும் என்பதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடவேண்டும் என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம்.

வேலியை அடைத்தாயிற்று. ஆயினும் கோம்பை மண்ணைத் தோண்டி வழி செய்துகொள்ளும் சாதி. சென்ற மாதம் ஒரு நாள் மாலை அது தண்டவாளத்துப் பக்கம் போய்விட்டது. என் இளைய மகள்தான் முதலில் கண்டு, ஒரே ஒரு முறை "வா" என்றாள். அது காதை நிமிர்த்திக்கொண்டு சரிவில் உருண்டு புரண்டு ஓடிவந்தது. வண்டி வரப் பத்து நிமிடம் இருந்தது. அடுக்களையில் அன்று ஈரல் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பொரித்த மீனின் முள்ளை நீக்கி, முழுத் துண்டையும் மகள் அதற்கே கொடுத்துவிட்டாள். நான் இரசச் சோறு உண்டேன்.