வாயில்லா ஜீவனின் வலி

உடல் நோவுக்குப் புற்றுமண் இட்டுக்கொண்டு, சங்கரன்கோவிலில் கோமதி அம்மனிடம் முறையிடுகிறோம். கோயில் யானை தன் நோவை யாரிடம் முறையிடும்?

நெல்லையப்பர் கோயிலில் 1985 முதல் தொண்டாற்றிய காந்திமதி யானை, முதுமையில் மூட்டுவலியால் துன்புற்றது. 2022-இல் பக்தர்கள் அதற்குத் தோல் செருப்புகள் செய்தளித்தனர். இறுதி நாட்களில் படுக்க இயலாமல் நின்றபடியே உறங்கியது. பின்னர் ஒருநாள் படுத்தது, எழ முடியவில்லை. கிரேன் கொண்டு தூக்கியும் பயனின்றி, 2025 ஜனவரி 12-இல் இறைவனடி சேர்ந்தது.

நலமுள்ள யானையின் காதும் வாலும் ஓயாது அசையும். அவை அடங்கிப்போதல், கால் மாற்றி மாற்றி நிற்றல், படுக்கத் தயங்குதல், தீனி குறைதல் ஆகியன வலியின் அறிகுறிகளாகலாம். கருங்கல் தரையில் நெடுநேரம் நிற்பதும் உடற்பருமனும் நோவை வளர்க்கும். மண்தரையும் அளவான நடையும் மருத்துவர் கவனிப்பும் தணிக்கும்.

முழங்கால் வலியோடு படியேறும் நமக்கு இது புரியாததன்று. பாகனைக் கேளாமல் வெல்லமும் பழமும் ஊட்ட வேண்டாம். ஆசி பெறுமுன் அதன் கால்களைச் சற்றே நோக்குவோம். மாற்றம் கண்டால் பாகனிடமும் கோயில் அலுவலகத்திலும் தெரிவிப்போம். அதுவும் கைங்கரியமே.