பழி பேட்டரி மீது மட்டும்தானா?

2020 மார்ச் 25-இல் நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியபோது, உடுமலைப்பேட்டையிலிருந்து அன்றாடம் திருப்பூருக்கும் கோவைக்கும் ஓடிக்கொண்டிருந்த கார்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டன. வாரங்கள் கழித்துச் சாவியைத் திருப்பியபோது பலவற்றில் 'செல்ஃப்' எடுக்கவில்லை. எந்தப் பழுதும் இல்லாத கார்களுக்கும் இதே கதிதான்.

காரணம் எளிய கணக்கு. நிறுத்திவைத்த காரிலும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர் ஆகியவை சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். இது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அந்த மேல்வரம்பிலேயே கணக்கிட்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி, முதல்கட்ட முடக்கத்தின் 21 நாள்களில் ஏறத்தாழ 25 ஆம்பியர்-மணியை இழந்திருக்கும். எஞ்சியதைக் கொண்டு என்ஜினைச் சுழற்றுவது கடினம்.

ஆனால், இரண்டே நாள்களில் பேட்டரி தீர்ந்துபோனால் அது வேறு கதை. உடுமலையில் என் நண்பர் ஒருவர் ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகளை மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் சோதித்துப் பார்த்து, 'பேட்டரி போய்விட்டது' என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஈய-அமில பேட்டரி அடிக்கடி முற்றிலும் வடிந்தால், அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு முழுமையாக மின்னேற்றம் ஏறாது. அதாவது, கசிவு புதிய பேட்டரியையும் கெடுத்துவிடும். கெட்டுப்போன பேட்டரி நோயின் விளைவு. நாம் அதையே நோயென்று எண்ணி மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நோயைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின், நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். காட்டாவிட்டால், நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் டைனமோ என்றழைக்கும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ இணைப்புகளையோ பார்க்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால்தான் கசிவைத் தேட வேண்டும்.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். அந்நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டர் தாங்காது. இன்னொன்று, பொறுமை. இன்றைய கார்களின் மின்னணுக் கருவிகள் உறங்கப்போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன் தெரியும் அளவைக் கண்டு பதறுவோரே அதிகம். அதன் பிறகும் அளவு மிகுந்திருந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டெனக் குறைகிறதோ, அந்தச் சுற்றில்தான் திருடன் இருக்கிறான். எதைப் பிடுங்கியும் குறையாவிட்டால், ஆல்டர்னேட்டரின் டயோடு மீதோ, ஃபியூஸ் பெட்டியைத் தவிர்த்து நேரடியாக இணைக்கப்பட்ட பாட்டுப்பெட்டி, கேமரா, இருப்பிடங்காட்டி ஆகியவற்றின் மீதோ ஐயம் கொள்ளலாம்.

இந்தத் தேடலுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். இங்கேதான் சிக்கல். பொருளுக்கு ஆயிரக்கணக்கில் தயங்காமல் தருகிற நாம், தேடும் நேரத்துக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். மெக்கானிக்கும் பேட்டரியை மாற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார். நட்டம் நம் பணத்தோடு முடிவதில்லை. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் அதன் சேர்மங்களும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. ஆயினும், முறையற்ற உலைகளில் உருக்கப்படும் ஈயம் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் சேர்கிறது.

நண்பரின் காரில் உள்விளக்குகளுக்கான ஃபியூஸைப் பிடுங்கியதும் அளவு விழுந்தது. ஆனால், விளக்கு எதுவும் எரிவதாகத் தெரியவில்லை. கைப்பேசியில் காணொலிப் பதிவை இயக்கி டிக்கிக்குள் வைத்து மூடினோம். எடுத்துப் பார்த்தபோது, மூடிய டிக்கிக்குள் 5 வாட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணியை அது விழுங்கியிருக்கிறது. தேய்ந்துபோன சுவிட்சை மாற்றினோம். மூன்றாவது பேட்டரி வாங்க வேண்டியிருக்கவில்லை.