வறுமையும் மழலையரின் உணவும்

வளர்ச்சி குன்றிய குழந்தையைக் காணும்போது, அவ்வீட்டில் சோற்றுக்கே பஞ்சம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஏழைகளுக்கு 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வரும் மாநிலத்தின் நிலை இது. எனவே, வறுமை குழந்தையை வந்தடையும் வழிகளை நாம் சற்று நுணுகி நோக்க வேண்டும்.

முதல் வழி, உணவின் வகை. வருவாய் சுருங்கினால் முதலில் குறைவது சோறன்று. முட்டை, பால், பருப்பு, மீன் ஆகியவையே. வயிறு நிறைகிறது, இரும்புச் சத்தும் புரதமும் கிட்டுவதில்லை.

இரண்டாவது, தாயின் நேரம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின், தாய்ப்பாலோடு இணை உணவும் தேவை. குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஆதலால் நாளொன்றுக்குப் பலமுறை, சிறிது சிறிதாக, பொறுமையுடன் ஊட்ட வேண்டும். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாய்க்கோ, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றே கூலி. ஊட்டுவதற்குச் செலவிடும் ஒவ்வோர் அரைமணி நேரமும் கூலியில் கழிகிறது. ஊட்டும் பொறுப்பு மூத்த மகளைச் சேர்கிறது. தேநீரில் நனைத்த பிஸ்கட்டே உணவாகிவிடுகிறது. தேநீரோ, உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பது.

மூன்றாவது, நோய். நெருக்கமான குடியிருப்பும் தூய்மையற்ற நீரும் வயிற்றுப்போக்கை மீண்டும் மீண்டும் உண்டாக்குகின்றன. உண்டது உடலில் ஒட்டுவதில்லை, பசியும் குன்றுகிறது. அடுத்த மகப்பேறு விரைந்து வருமாயின், தாய்ப்பாலும் முன்னதாகவே நின்றுவிடுகிறது.

1982 இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் போக்குகின்றன. ஆயினும், வளர்ச்சி பெரிதும் குன்றுவது இரண்டு வயதுக்குள், வீட்டிற்குள்ளேயே. அங்கன்வாடி தரும் சத்துமாவும் வீட்டில் பலருக்குப் பங்கிடப்பட்டால், குழந்தையின் பங்கு சுருங்கிவிடும்.

ஆகவே, உதவ முன்வருவோர் அரிசி மூட்டையோடு நின்றுவிடலாகாது என்பது நம் கருத்து. பருப்பும் முட்டையும் குழந்தைக்கெனத் தனியே சேர வேண்டும். தாய் உழைக்கும் நேரத்தில் குழந்தைக்கு ஊட்டவல்ல காப்பகம் அத்தெருவிலேயே அமைய வேண்டும். தாயின் கூலி உயருமானால், அவள் ஊட்டும் நேரமும் உயரும்.