மிதக்கும் பீங்கான்: அன்றும் இன்றும்

1990-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கலைஞர் செலெஸ்த் பூர்சியே-மூஜெனோ தம் நீர்ப்படைப்பைத் தொடங்கியபோது, அதற்கு வேண்டியவை எல்லாம் சாதாரணக் கடைகளில் கிடைத்தன. குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த நீர்த்தொட்டிகள், பீங்கான் கிண்ணங்கள், தட்டுகள், காம்புள்ள கண்ணாடிக் கோப்பைகள், ஒரு பம்பு, நீரை இளஞ்சூடாக வைக்க ஒரு ஹீட்டர். பம்பு நீரை மெல்லச் சுழற்றும். பாத்திரங்கள் அந்த ஓட்டத்தோடு போய் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடத்தில் ஒலி பிறக்கும். அந்த நாளில் இந்த வரிசைக்குத் தனிப்பெயர்கூட இல்லை. தலைப்பற்றது என்று குறித்து எண்ணிட்டார்கள்.

2025 கோடையில் பாரிஸில் அதே படைப்பு 18 மீட்டர் விட்டமுள்ள நீல நிறத் தடாகமாக விரிந்தது. இடம், பூர்ஸ் த கொமெர்ஸ். 18-ஆம் நூற்றாண்டில் தானிய மண்டியாக எழுந்து, 1889-இல் வணிகப் பரிவர்த்தனைக் கூடமாக மாறி, 2021-இல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோவின் கைவண்ணத்தில் அருங்காட்சியகமான வட்டக் கட்டடம் அது. தட்டுகளும் கண்ணாடிக் கோப்பைகளும் இப்போது இல்லை. பல அளவுகளில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் மட்டும் மிதந்தன. மேலே கண்ணாடிக் குவிமாடம். அதன் வழியே வந்த வானம் நீரில் கிடந்தது. படைப்புக்கும் ‘கிளினாமென்’ என்று பெயர் வந்துவிட்டது. நேர்கோட்டில் விழும் அணுக்கள் காரணமின்றிச் சற்றே விலகுவதால்தான் உலகம் உண்டாயிற்று என்று கருதிய ரோமானியக் கவி லுக்ரீஷியஸிடமிருந்து எடுத்த பெயர்.

இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எது மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பம்பு, இளஞ்சூட்டு நீர், பீங்கான் என்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. பீங்கானைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸ் சூளைச் சூட்டில் வெள்ளைக் களிமண் கலவை ஓரளவு உருகிக் கண்ணாடிபோல் இறுகுகிறது. குறைந்த சூட்டில் சுட்ட மண்சட்டியில் நுண்துளைகள் மிஞ்சி அதிர்வை விழுங்கிவிடும். பீங்கானோ அதிர்வைத் தாங்கி நீட்டும். கிண்ணம் பெரிதானால் ஒலி தாழும், சிறிதானால் உயரும். நம் ஜலதரங்கத்தில் வித்வான் கிண்ணத்துக்குள் நீர் ஊற்றிச் சுருதி சேர்த்து, குச்சியால் தட்டி ராகம் எழுப்புவார். இங்கே கிண்ணமே நீரில் மிதக்கிறது. தட்டுவதற்குக் கை இல்லை, பாடுவதற்கு ராகம் இல்லை.

கை இல்லாமல் போனதுதான் இவருடைய வாழ்வின் பெரிய மாற்றம். 1961-இல் நீஸ் நகரில் பிறந்த மூஜெனோ கலைக்கூடத்துக்குள் வருவதற்கு முன் இசையமைப்பாளர். 1985 முதல் 1994 வரை இயக்குநர் பஸ்கால் ரொம்பேரின் நாடகக் குழுவுக்கு இசை எழுதினார். நாடக இசை கட்டுப்பட்ட இசை. நடிகர் பேசி முடிக்கும்போது அதுவும் முடிய வேண்டும்; நேற்று ஒலித்தது இன்றும் ஒலிக்க வேண்டும். பிறகு அவர் எழுதுவதை விட்டார். கிண்ணங்களின் எண்ணிக்கை, அவற்றின் அளவு, நீரோட்டத்தின் வேகம், நீரின் சூடு என்று சூழலை மட்டும் வகுத்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றார். எந்தக் கிண்ணம் எதை எப்போது தொடும் என்பது அவருக்கும் தெரியாது. ஓர் இசையமைப்பாளர் இதற்கு ஒப்புவது எளிதல்ல என்றே நினைக்கிறேன். தன் பெயரில் ஒலிக்கும் இசையில் ஒரு சுரத்தைக்கூடத் தான் தீர்மானிக்கவில்லை என்று ஏற்றுக்கொள்ளும் பணிவு அதற்கு வேண்டும்.

அவருடைய பறவைப் படைப்பும் இப்படியே வளர்ந்தது. கூடத்துக்குள் வரிக்குருவிகளை விட்டு, மின்கிதார்களைக் கிடைநிலையில் தாங்கிகளில் பொருத்தினார். குருவி கம்பியில் உட்கார்ந்தால் ஒரு சுரம், பறந்தால் இன்னொன்று. 2010-இல் லண்டன் பார்பிகன் கலை மையத்தில் 40 குருவிகள் இருந்தன. 2015-இல் மான்ட்ரியால் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை 70-ஐத் தாண்டின. அதே ஆண்டு வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் பிரான்சின் அரங்கில் மரங்களையே நகரவிட்டார். வேர்மண்ணோடு நின்ற பைன் மரங்கள், தம் உயிரோட்டத்தின் மாற்றங்களுக்கேற்ப மிக மெதுவாக இடம் மாறின. நீர், பறவை, மரம் என்று அவர் நம்பிய வாத்தியக்காரர்கள் மாறினார்கள். எழுதாமல் இருப்பது என்ற முறை மாறவில்லை.

பெற்றது என்ன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தடாகம் பெரிதானதால் கிண்ணங்களுக்குத் திரிய இடம் கிடைத்தது. ஒலி ஒரு பக்கத்தில் கூடிப் பிறகு கலைய முடிகிறது. இரு மோதல்களுக்கு நடுவே நீண்ட மௌனம் விழ முடிகிறது. பகல் ஏறி இறங்குவதும் மேகம் கடப்பதும் படைப்பின் பகுதிகளாகிவிட்டன. காற்றடைத்த தொட்டிக்கு இந்த வானம் வாய்த்திராது.

இழந்ததைச் சொல்வதற்குச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பழைய தொட்டிகளில் மிதந்தவை வீட்டுச் சமையலறையிலிருந்து வந்ததுபோன்ற பாத்திரங்கள். தட்டு மழுங்கலாக ஒலிக்கும், கண்ணாடிக் கோப்பை கூர்மையாக ஒலிக்கும், கிண்ணம் நீண்டு ஒலிக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தாத அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் சாயல் இருந்தது. வெள்ளைக் கிண்ணங்கள் மட்டும் எஞ்சியபோது ஒலி ஒரே இனத்துக்குள் அடங்கி, அழகும் ஒழுங்கும் கூடின. அன்று ஒரு சாதாரண அறை போதும். யார் வேண்டுமானாலும் தம் வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் அந்தப் படைப்பைப் பார்ப்பவருக்குள் முளைக்கும். இன்று அதற்கு ஒரு வட்ட மாளிகையும் பெரும் நிறுவனமும் தேவைப்படுகின்றன. பாரிஸின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மோதும் பாத்திரங்களில் இசை இருக்கிறது என்று அவர் முதலில் காட்டியது அந்த மலிவான தொட்டியில்தான். இந்தப் படைப்பு அந்தச் சிறு அளவிலும் அவ்வப்போது அமைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.